தெற்காசிய நகரங்களின் கதை – 14: சும்மா நிற்கும் உரிமை

தெற்காசிய நகரங்களில் பெண்கள் வீதிக்கு வந்தது ஒவ்வொரு முறையும் ஒரு காரணத்தைக் கையில் பிடித்துக்கொண்டுதான். பள்ளிக்கூடம், ஆலை, அலுவலகம், சந்தை, கோயில், தர்கா, ஊர்வலம் என்று காரணங்கள் ஒவ்வொன்றாகக் கூடின. ஒவ்வொன்றையும் ஒரு தலைமுறை வாதாடிப் பெற்றது. காரணம் எதுவும் சொல்லாமல் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருப்பது, கடற்கரைச் சுவரில் சாய்ந்து நிற்பது, பூங்காப் புல்லில் படுத்துத் தூங்குவது ஆகியவை அந்த வரிசையில் கடைசியாக வந்தவை. 2003க்கும் 2016க்கும் இடையில் பெங்களூர், மும்பை, டெல்லி, கராச்சி ஆகிய நான்கு நகரங்களில் இவை வெளிப்படையான கோரிக்கைகளாயின.

கோரிக்கை ஏன் இவ்வளவு தாமதமாக எழுந்தது என்பதற்கு மொழியே சாட்சி. ஆணை 'ஊர்சுற்றி' என்றால் அது பாதிச் செல்லம், பாதிக் கண்டிப்பு. பெண்ணை அப்படிச் சொன்னால் பழி அவள் நடத்தையின் மேல் விழுகிறது. இந்தியிலும் உருதுவிலும் 'ஆவாரா' என்ற சொல்லுக்கும் இதே இரட்டை வாழ்க்கை உண்டு. 1951இல் ராஜ் கபூர் படத்தின் தலைப்பாகி நாடெங்கும் கொண்டாடப்பட்ட அந்தச் சொல், ஒரு பெண்ணைக் குறித்துப் பேசப்படும்போது வசையாகிவிடுகிறது.

காற்று வாங்கப் போதல்

மாலையில் காற்று வாங்கும் வழக்கத்தைத் தெற்காசியாவின் துறைமுக நகரங்களில் பரப்பியவர்கள் ஆங்கிலேயர்கள். கொழும்பின் காலி முகத்திடல் நடைபாதையை ஆளுநர் சர் ஹென்றி வார்ட் 1856இல் தொடங்கி 1859இல் முடித்தார். கொழும்பின் சீமாட்டிகள், குழந்தைகள் ஆகியோரின் நலனுக்காக இதைப் பேணிக் காக்கும்படி தமக்குப் பின் வருவோரைக் கேட்டுக்கொள்ளும் கல்வெட்டு ஒன்றையும் நிறுத்திச் சென்றார். ஒரு பொது இடம் பெண்களின் ஓய்வுக்கு என்று எழுத்தில் அறிவிக்கப்பட்டது இந்தப் பகுதியில் அரிது. அந்தச் சீமாட்டிகள் யார் என்பதை அந்தக் காலம் தெளிவாகவே அறிந்திருந்தது: குதிரை வண்டியும் குடையும் ஆயாவும் உடைய ஐரோப்பியக் குடும்பத்துப் பெண்கள்.

உயர்குடி இந்தியப் பெண்களின் நிலை வேறு. கொல்கத்தாவின் ஜோராசாங்கோ தாகூர் குடும்பத்தில், பெண்கள் கங்கையில் நீராட விரும்பினால் மூடுபல்லக்கில் ஆற்றங்கரைக்குக் கொண்டுபோவார்கள். பல்லக்கை அப்படியே நீரில் முக்கி எடுத்துத் திரும்பக் கொண்டுவருவார்கள். அதே குடும்பத்தில், 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், ஜோதிரிந்திரநாத் தம் மனைவி காதம்பரி தேவியுடன் ஆளுக்கொரு குதிரையில் ஏறி மைதானத்துக்குச் சவாரி போனார். தெருவில் கண்டவர்கள் வாயடைத்து நின்றார்கள். மைதானம் வரைக்கும் போனதற்கு வேலை எதுவும் கிடையாது. காற்று வாங்குவதுதான் நோக்கம். கணவன் கூட வந்ததும் குடும்பத்தின் செல்வாக்கும் அந்தச் சவாரியைச் சாத்தியமாக்கின.

இந்த வேட்கைக்கு இலக்கிய வடிவம் கொடுத்தவர் ரொகேயா சகாவத் ஹுசைன். அவருடைய 'சுல்தானாவின் கனவு' 1905இல் சென்னையிலிருந்து கமலா சத்தியநாதன் நடத்திய 'தி இண்டியன் லேடீஸ் மேகஸீன்' இதழில் ஆங்கிலத்தில் வெளியானது. கதையின் முதல் நிகழ்ச்சியே ஒரு நடைதான். பட்டப்பகலில் திரையில்லாமல் தெருவில் நடக்க நேர்ந்த நாயகி கூசிப்போகிறாள். அந்த ஊரில் ஆண்கள் வீட்டுக்குள் இருப்பதும் பெண்கள் நகரை நடத்துவதும் பிறகு அவளுக்குப் புரிகிறது. சூரிய ஆற்றலில் சமைக்கும் அடுப்பு, மேகத்திலிருந்து நீர் இறக்கும் கருவி என்று விஞ்ஞானக் கற்பனைகள் பல கதையில் உண்டு. அவற்றுக்கெல்லாம் முன்னால் ஆசிரியர் வைத்த அதிசயம், ஒரு பெண் பயமில்லாமல் தெருவில் உலாவுவது.

தனி வாசல், தனிப் பெட்டி

பெண்கள் வெளியே வந்தாக வேண்டும், ஆண்களோடு கலக்கவும் கூடாது என்ற இரண்டு நெருக்கடிகளுக்கும் சேர்த்து அக்காலம் கண்ட தீர்வு, தனி இடம். 1890ஆம் ஆண்டின் இந்திய ரயில்வே சட்டம், ஒவ்வொரு பயணி ரயிலிலும் மிகத் தாழ்ந்த வகுப்பில் ஒரு பெட்டியறையாவது பெண்களுக்கு ஒதுக்கப்பட வேண்டும் என்று கட்டாயமாக்கியது. டெல்லி தரியாகஞ்சில் பெண்களுக்கென்றே உயர்ந்த மதில்களுக்குள் 'பர்தா பாக்' அமைந்தது. காபூலில் 'பாக்-ஏ-ஸனானா' என்ற பெண்கள் தோட்டம் இருந்தது. பம்பாயின் இரானி உணவகங்களில் மரத்தடுப்பு வைத்த 'ஃபேமிலி ரூம்' வந்தது. தமிழ்நாட்டின் டூரிங் டாக்கீஸ்களில் தரை டிக்கெட் மணலை நடுவில் தடுத்து, ஒரு பக்கத்தைப் பெண்களுக்கு விட்டார்கள்.

இந்தத் தனி இடங்களின் பயனைக் குறைத்துச் சொல்லிவிட முடியாது. மும்பை புறநகர் ரயிலின் பெண்கள் பெட்டி, போய்வரும் வழி என்பதைத் தாண்டி ஒரு முற்றமாகவே ஆனது. மாலை வண்டியில் பட்டாணி உரிப்பதும் கீரை ஆய்வதும், பிறந்தநாளுக்கு இனிப்புப் பரிமாறுவதும், பண்டிகைக்குப் பாட்டுப் பாடுவதும் அங்கே வழக்கமாயின. 1992 மே மாதத்தில் சர்ச்கேட்டிலிருந்து போரிவலிக்கு முழுவதும் பெண்களுக்கான 'லேடீஸ் ஸ்பெஷல்' விடப்பட்டபோது அந்த முற்றம் நீண்டது.

ஆனால் ஒதுக்கீடு ஒரு எல்லையையும் வரைந்தது. தனி இடம் கிடைத்த பிறகு, மற்ற இடமெல்லாம் ஆண்களுடையது என்பது எழுதாத விதியாயிற்று. டீக்கடை, வெற்றிலைபாக்குக் கடை, தெருமுனை, மைதானம், ஆற்றுப் படித்துறையின் மேற்படி ஆகியவை யாருக்கும் தடை செய்யப்படாமலேயே ஆண்களிடம் நின்றுவிட்டன. கொல்கத்தாவில் 'அட்டா', மும்பையில் 'டப்ரி', வட இந்திய ஊர்களில் 'நுக்கட்' எனப் பேர்பெற்ற அரட்டைக் களங்கள் ஏறக்குறைய முழுவதும் ஆண்களின் உலகம். செய்தி, வேலைவாய்ப்பு, அரசியல், கடன் உதவி எல்லாம் அங்கேதான் கைமாறின. ஆகவே அங்கே இல்லாமல் போனதன் இழப்பு, ஒரு டம்ளர் தேநீரோடு முடியவில்லை.

காவலர்களும் கலாசாரக் காவலர்களும்

1970களின் இறுதியிலிருந்து பொதுவெளியின் மீதான பிடி பல இடங்களில் இறுகியது. பாகிஸ்தானில் ஜெனரல் ஜியா உல் ஹக்கின் ஆட்சி 1979இல் ஹுதூத் சட்டங்களைக் கொண்டுவந்தது. அரசு மொழியில் 'சாதர், சார் திவாரி', அதாவது முக்காடும் நான்கு சுவரும், பெண்ணின் இடமாக வரையறுக்கப்பட்டன. 1981இல் உருவான 'பெண்கள் செயற்களம்' அமைப்பு 1983 பிப்ரவரி 12 அன்று லாகூர் மால் சாலையில் நடத்திய ஊர்வலம் தடியடியில் முடிந்தது. அந்த நாள் இன்று பாகிஸ்தானின் தேசிய மகளிர் தினம். இரண்டு பெண்களின் சாட்சியத்தை ஒரு ஆணின் சாட்சியத்துக்குச் சமமாக்கும் சட்டத்தை எதிர்ப்பது அன்றைய அவசரம். தெருவில் நிற்பதற்கு அரசியல் காரணம் இருந்தது. பொழுதுபோக்குப் பற்றிப் பேசும் நேரம் அப்போது வரவில்லை.

இந்தியாவில் தொல்லைக்கு 'ஈவ் டீசிங்' என்ற விளையாட்டுப் பெயர் நிலைத்திருந்தது. 1998இல் சென்னையில் ஒரு கல்லூரி மாணவி ஆட்டோவில் வந்த கும்பலின் அட்டகாசத்தால் உயிரிழந்ததும் தமிழ்நாடு அரசு அதே பெயரில் ஒரு தடைச் சட்டம் கொண்டுவந்தது. பிறகு 2002இல் சட்டத்தின் பெயர் மாறி 'பெண்கள் துன்புறுத்தல்' என்று ஆனது. விளையாட்டு குற்றமாக மாறுவதற்குப் பெயரளவிலேயே நான்கு ஆண்டுகள் பிடித்தன.

2005 டிசம்பரில் மீரட் நகரின் காந்தி பூங்காவில் உட்கார்ந்திருந்த இணைகளைப் போலீசார், பெண் போலீசார் உட்பட, தொலைக்காட்சிக் கேமராக்களின் முன் அறைந்தார்கள். 'ஆபரேஷன் மஜ்னூ' என்று அதற்குப் பெயர். 2009 ஜனவரி 24 அன்று மங்களூரில் ஒரு மதுக்கூடத்தில் இருந்த இளம்பெண்களை ஸ்ரீராம் சேனை என்ற இந்துத்துவ அமைப்பின் ஆட்கள் அடித்து விரட்டினார்கள். அடுத்த மாதமே பத்திரிகையாளர் நிஷா சூசன் தொடங்கிவைத்த இயக்கத்தில், இளஞ்சிவப்பு உள்ளாடைகள் நாடெங்கிலுமிருந்து அந்த அமைப்பின் அலுவலகத்துக்குத் தபாலில் அனுப்பப்பட்டன. பூங்காவில் உட்கார்ந்தவர்களும் மதுக்கூடத்துக்குப் போனவர்களும் செய்த ஒரே குற்றம் பொழுதைக் கழித்தது. ஒழுக்கக் காவலின் இலக்கு எது என்பதை இந்த இரண்டு நிகழ்ச்சிகளும் வெளிச்சமிட்டன.

பெங்களூர்: பயத்தின் பட்டியல்

2003இல் பெங்களூரின் ஸ்ருஷ்டி கலை வடிவமைப்புப் பள்ளியில் மாணவியாக இருந்த ஜாஸ்மீன் பதேஜா தொடங்கிய 'பிளாங்க் நாய்ஸ்' ஒரு மாணவர் செயல்திட்டமாகப் பிறந்து இயக்கமாக வளர்ந்தது. பொது இடம் என்றதும் மனதில் தோன்றும் சொற்களை எழுதச் சொன்னபோது, கூடியிருந்த பெண்கள் எழுதியவற்றில் பெரும்பாலானவை அச்சத்தையும் அருவருப்பையும் குறித்தவை. தொல்லைக்கு ஆளான நாளில் உடுத்தியிருந்த உடையைக் கொண்டுவந்து தரும்படி இயக்கம் பெண்களைக் கேட்டது. சேர்ந்தவற்றில் பள்ளிச் சீருடையும் புடவையும் சல்வாரும் இருந்தன. உடைதான் காரணம் என்ற வாதத்துக்கு அந்தக் குவியலே பதிலானது.

தெருவில் இந்த இயக்கம் செய்த காரியங்கள் கோஷமோ பதாகையோ இல்லாதவை. நடைபாதைக் கம்பிகளில் ஆண்கள் சாய்ந்து நிற்பதைப்போல் பெண்கள் சாய்ந்து நின்றார்கள். கைபேசியைப் பார்க்காமல், யாருக்கோ காத்திருப்பதுபோல் பாவனை செய்யாமல் நிற்பதுதான் பயிற்சி. செய்துபார்த்தவர்களுக்கு அதன் கடினம் விளங்கியது. 2012இல் எலஹங்காவில், மாணவிகள் அஞ்சி ஒதுங்கிய ஒரு தெருவில் மேசையும் நாற்காலிகளும் போட்டு, தேநீரும் சமோசாவும் வைத்து, முன்பின் அறியாத வழிப்போக்கர்களோடு ஒரு மணி நேரம் உரையாடினார்கள். 2014 முதல் 'மீட் டு ஸ்லீப்' என்ற பெயரில் பூங்காக்களில் பெண்கள் கூடிப் படுத்து உறங்கும் நிகழ்ச்சிகள் நடந்தன. மதிய வெயிலில் மரநிழலில் துண்டை விரித்துத் தூங்கும் ஆண், இந்திய நகரங்களின் அன்றாடக் காட்சி. அதே நிழலில் கண்ணை மூடுவதற்குப் பெண்கள் நாள் குறித்துக் கூட வேண்டியிருந்தது.

மும்பை: நோக்கம் என்னும் சீட்டு

இந்தியாவிலேயே பெண்களுக்குப் பத்திரமான பெருநகரம் என்று பெயரெடுத்த மும்பையில்தான் இந்தச் சிந்தனைக்குக் கோட்பாடு கிடைத்தது. 2003இல் 'புகார்' என்ற நகர ஆய்வு நிறுவனத்தில் ஷில்பா ஃபட்கே, சமீரா கான், ஷில்பா ரானடே ஆகியோர் பாலினமும் வெளியும் பற்றிய மூன்றாண்டு ஆய்வைத் தொடங்கினார்கள். முறையே சமூகவியலாளர், பத்திரிகையாளர், கட்டடக்கலைஞர். ரயில் நிலையம், பூங்கா, தெருமுனை, கடைவீதி என்று இடங்களை நேரம் வைத்துக் கவனித்து, யார் நிற்கிறார்கள், யார் கடந்துபோகிறார்கள் என்று குறித்தார்கள். ஆய்வு 2011இல் 'ஒய் லாய்ட்டர்?' என்ற நூலாக வந்தது.

நூலின் முதல் கண்டுபிடிப்பு எளியது: மும்பையில் பெண்கள் ஏராளமாக வெளியே இருக்கிறார்கள், ஆனால் நிற்பதில்லை. வீட்டிலிருந்து வேலைக்கு, வேலையிலிருந்து சந்தைக்கு, சந்தையிலிருந்து வீட்டுக்கு என்று நகர்ந்தபடியே இருக்கிறார்கள். நிற்க நேர்ந்தால் ஒரு நோக்கத்தை வெளியில் தெரியும்படி அணிந்துகொள்கிறார்கள். தோளில் பெரிய பை, காதில் கைபேசி, காலில் நடைப்பயிற்சிக் காலணி, கழுத்தில் மங்கலசூத்திரம் ஆகிய ஒவ்வொன்றும் காரணத்தோடு வந்த கௌரவமான பெண் என்று காட்டும் அனுமதிச் சீட்டு.

இரண்டாவது வாதம் கூர்மையானது. பெண்களின் பாதுகாப்பு என்று குடும்பமும் அரசும் பேசும்போது, அதில் பெரும்பகுதி கௌரவத்தின் பாதுகாப்பு. மகள் யாரோடு பழகுகிறாள், வேறு சாதி, வேறு மதத்து ஆணைத் தேர்ந்துகொள்வாளோ என்ற கவலை. வன்முறையில் கணிசமான பங்கு வீட்டுக்குள்ளேயே நடந்தும், பயத்தின் முகவரி தெருவாகவே சொல்லப்படுகிறது. எனவே நூலாசிரியர்கள் பாதுகாப்பைக் கேட்பதை விட்டு, அபாயத்தைத் தாமே எடைபோட்டு ஏற்கும் உரிமையைக் கேட்டார்கள். ஆணுக்கும் தெருவில் விபத்தும் திருட்டும் அடிதடியும் உண்டு. அதற்காக யாரும் அவனை வீட்டில் இரு என்று சொல்வதில்லை.

மூன்றாவது, நூலை மற்ற பெண்பாதுகாப்பு எழுத்துகளிலிருந்து பிரித்துக் காட்டுவது. பெண்களுக்கு இடம் வேண்டும் என்பதற்காக ஏழை ஆண்களையும் இஸ்லாமியரையும் நடைபாதை வியாபாரிகளையும் அப்புறப்படுத்துவதை அது மறுத்தது. இரவு வரை விளக்கோடும் ஆள்நடமாட்டத்தோடும் இருக்கும் தள்ளுவண்டிக் கடைதான் தெருவைப் பெண்ணுக்கு இணக்கமாக்குகிறது. துப்புரவாக்கப்பட்டு, வேலி போட்டு, நேரம் குறித்துப் பூட்டப்படும் பூங்கா யாருக்குமே பொதுவிடமாக இருப்பதில்லை. எல்லோரும் சும்மா நிற்க முடிந்தால்தான் பெண்ணும் சும்மா நிற்க முடியும் என்பது நூலின் முடிவு.

நூல் படித்த நாடகக் கலைஞர் நேஹா சிங்கும் நண்பர்களும் 2014இல் அதே பெயரில் தெருவில் இறங்கினார்கள். நள்ளிரவில் நடப்பது, டப்ரியில் தேநீர் குடிப்பது, பூங்காவில் தூங்குவது, தெருவோரத்தில் உட்கார்ந்து பாடுவது என்று வாரந்தோறும் சந்தித்தார்கள். காவலர்கள் நிறுத்தி விசாரித்தபோது சொல்வதற்கு அவர்களிடம் காரணம் எதுவும் இல்லை. காரணம் இல்லாதிருப்பதுதான் அவர்கள் வந்த காரியம்.

டெல்லி: இரவின் கணக்கு

2012 டிசம்பர் 16 இரவு டெல்லியில் கூட்டு வன்புணர்வுக்கு ஆளாகிப் பின்னர் உயிரிழந்த மாணவி, நண்பரோடு திரைப்படம் பார்த்துவிட்டு வீடு திரும்பிக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் அவருக்கு வெளியே என்ன வேலை என்ற வழக்கமான கேள்வி எழுந்தபோது, தெருவில் கூடிய கூட்டம் அதை ஏற்க மறுத்தது. முதலமைச்சர் வீட்டின் முன் நடந்த போராட்டத்தில் பெண்ணியச் செயற்பாட்டாளர் கவிதா கிருஷ்ணன் ஆற்றிய உரை, பெண் இரவில் வெளியே இருப்பதற்கு நியாயம் கற்பிக்கத் தேவையே இல்லை என்று வாதிட்டது. 'பேகௌஃப் ஆசாதி', அச்சமற்ற விடுதலை, அந்தக் குளிர்காலத்தின் முழக்கமானது. சட்டத்தைச் சீர்திருத்த அமைக்கப்பட்ட நீதிபதி ஜே.எஸ். வர்மா குழு 2013 ஜனவரி 23 அன்று அறிக்கை தந்தது. அதன் வழியே வந்த சட்டத் திருத்தம், பின்தொடர்வதையும் மறைந்திருந்து பார்ப்பதையும் தனிக் குற்றங்களாக்கியது.

ஆனால் நடைமுறையில் பல நிறுவனங்களின் முதல் எதிர்வினை, கதவை இன்னும் முன்னதாகப் பூட்டுவதாக இருந்தது. 2015 ஆகஸ்டில் ஜாமியா மில்லியா இஸ்லாமியாவின் மகளிர் விடுதியில், மாதத்தில் சில நாள் இரவு 10 மணி வரை வெளியே இருக்கும் சலுகை ரத்தானது. அதிலிருந்து 'பிஞ்ஜ்ரா தோட்', அதாவது கூண்டை உடை, என்ற மாணவியர் இயக்கம் பிறந்து டெல்லிக் கல்லூரிகளில் பரவியது. மாணவர் விடுதிக்கு இல்லாத நேரக் கட்டுப்பாடு மாணவியர் விடுதிக்கு ஏன் என்பது அதன் கேள்வி. நூலகம் இரவில் திறந்திருப்பதைக் காட்டி வாதாடுவது சுலபமான வழி. இயக்கத்தினர் அதோடு நிற்காமல், படிப்பதற்கு மட்டுமன்றிச் சுற்றுவதற்கும் இரவு வேண்டும் என்றார்கள். சுவரொட்டி ஒட்டியும் கூட்டமாக இரவுநடை போயும் அதைக் காட்டினார்கள்.

2016 டிசம்பர் 31 இரவு பெங்களூரின் புத்தாண்டுக் கூட்டத்தில் பெண்கள் மானபங்கப்படுத்தப்பட்டதையடுத்து, 2017 ஜனவரி 21 அன்று முப்பதுக்கும் மேற்பட்ட இந்திய ஊர்களில் 'ஐ வில் கோ அவுட்' ஊர்வலங்கள் நடந்தன. வெளியே போவேன் என்ற அந்தப் பெயரில் எங்கே, எதற்கு என்ற விவரம் இடம்பெறவில்லை.

கராச்சி: தாபாவில் ஒரு நாற்காலி

கராச்சியின் தெருவோரத் தேநீர்க் கடைகளான தாபாக்களில் பல பஷ்தூன்கள் நடத்துபவை. 'குவெட்டா ஹோட்டல்' என்பது ஊர்ப் பேச்சு. பிளாஸ்டிக் நாற்காலி அல்லது கயிற்றுக் கட்டில், திக்கான பால் தேநீர், சுடச்சுடப் பராத்தா, நள்ளிரவு தாண்டியும் அரட்டை என்பது அவற்றின் இலக்கணம். வாடிக்கையாளர் எல்லோரும் ஆண்கள். குடும்பத்தோடு வரும் பெண்களுக்குத் தேநீர் காருக்குள் போகும்.

2015இல் சாதியா கத்ரி என்ற பெண் தாபாவில் உட்கார்ந்து எடுத்த படத்தைச் சமூக ஊடகத்தில் இட்டார். மற்ற பெண்களும் தத்தம் ஊர்களிலிருந்து படங்களை அனுப்ப, 'கேர்ல்ஸ் அட் தாபாஸ்' என்ற குழு உருவானது. லாகூர், இஸ்லாமாபாத் என்று பரவி, எல்லை தாண்டி இந்தியா, வங்காளதேசம் வரை படங்கள் வந்தன. மும்பைக் குழுவின் நூலும் செயல்பாடும் கராச்சிக் குழுவுக்கு வாசிப்பாகவும் தோழமையாகவும் இருந்தன. இரு நாட்டு அரசுகளுக்கும் இடையே விசா கிடைப்பதே கடினமாயிருந்த காலத்தில், தேநீர்க் கடையைப் பற்றிய இந்த உரையாடல் தடையின்றி நடந்தது.

தேநீரோடு குழு நிற்கவில்லை. பெண்கள் தெருவில் கிரிக்கெட் ஆடினார்கள். லாகூரில் சைக்கிள் ஓட்டிய ஓர் உறுப்பினர் காரில் வந்த ஆண்களால் தாக்கப்பட்டதையடுத்து, 2016 ஏப்ரல் 2 அன்று லாகூர், கராச்சி, இஸ்லாமாபாத் நகரங்களில் பெண்கள் சைக்கிள் பேரணி நடத்தினார்கள். அதே ஆண்டு ஜனவரியில் பஞ்சாப் மாகாண அரசே 'விமன் ஆன் வீல்ஸ்' என்ற திட்டத்தில் பெண்களுக்கு மோட்டார் சைக்கிள் பயிற்சி தொடங்கியிருந்தது. சைக்கிள் தெற்காசியப் பெண்ணியத்துக்குப் பழைய தோழி. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில் அறிவொளி இயக்கம் பெண்களுக்குச் சைக்கிள் கற்றுக்கொடுத்தபோது, எழுத்தறிவும் வேலையும் சொல்லப்பட்ட காரணங்கள். பல்லாயிரம் பெண்கள் கற்றுக்கொண்ட பிறகு, தானாக ஓட்டிப்போகும் மகிழ்ச்சி அந்தக் காரணங்களை முந்திக்கொண்டது.

2018 மார்ச் 8 அன்று கராச்சியின் ஃப்ரியர் ஹாலில் முதல் 'ஔரத் மார்ச்', அதாவது பெண்கள் பேரணி, கூடியது. அடுத்த ஆண்டு ஊர்வலத்தில் மாணவியர் ஏந்திய ஒரு பதாகை, கால்களை அகட்டி உட்கார்ந்த பெண்ணின் படம், நாட்டையே சூடேற்றியது. சம்பளத்தையும் சட்டத்தையும் பற்றிய பதாகைகளைவிட உட்காரும் விதத்தைப் பற்றியது அதிகக் கோபத்தைக் கிளப்பியது, பொதுவெளியில் உடலின் இருப்பு எவ்வளவு கண்காணிக்கப்படுகிறது என்பதற்கு அடையாளம்.

வர்க்கமும் நேரமும்

இந்த இயக்கங்கள் மீது வைக்கப்பட்ட முதன்மை விமர்சனம் வர்க்கம் பற்றியது. ஆங்கிலம் பேசும், வசதியான வீட்டுப் பெண் தாபாவுக்குப் போவது ஒரு மாலைச் சாகசம். அங்கே தேநீர் ஆற்றும் ஆணுக்கு அது பிழைப்பு. ஏதேனும் தகராறு வந்தால் போலீஸ் யார் பக்கம் நிற்கும் என்பதும் தெரிந்ததே. தெருவிலேயே வேலை செய்யும் மீன்காரி, பூக்காரி, துப்புரவுப் பணியாளர், கட்டடத் தொழிலாளி ஆகிய பெண்கள் நாள் முழுவதும் பொதுவெளியில்தான் இருக்கிறார்கள். அவர்களுக்குக் குறைவது அனுமதியைவிட ஓய்வு. கராச்சிக் குழுவும் மும்பை ஆய்வாளர்களும் இந்தக் கேள்வியைத் தாங்களே எழுப்பி விவாதித்தார்கள் என்பதும் பதிவு.

ஓய்வின் கணக்கை இந்தியாவின் 2019ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு காட்டுகிறது. ஊதியமில்லா வீட்டுவேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்கள் செலவிட்டார்கள். ஆண்கள் 97 நிமிடங்கள். தெருமுனையில் ஆண் நிற்கும் அந்த மூன்று மணி நேரத்தில் பெண் எங்கே இருக்கிறாள் என்பது இந்த வித்தியாசத்தில் இருக்கிறது. அதே ஆண்டு சுரபி யாதவ் தொடங்கிய ஒளிப்படத் தொகுப்பு, பெண்கள் ஓய்ந்திருக்கும் தருணங்களைத் தேடிப் பதிவு செய்தது. தாயின் மறைவுக்குப் பின், உழைக்கும் பெண்ணாக மட்டுமே அறிந்திருந்த அவரை வேறு விதத்தில் எண்ணிப் பார்த்ததில் பிறந்தது அந்த முயற்சி.

வெளியே நேரம் கழிப்பதற்குக் கழிப்பறையும் வண்டியும் வேண்டும். மும்பையில் 2011இல் தொடங்கிய 'ரைட் டு பீ' இயக்கம், ஆண்களுக்கு இலவசமாக இருந்த சிறுநீர் கழிக்கும் வசதிக்குப் பெண்களிடம் காசு வாங்கப்பட்டதை வெளிப்படுத்தி மாநகராட்சியோடு வாதாடியது. கழிப்பறை இல்லாத ஊரில் பெண்கள் தண்ணீர் குடிக்காமல் வெளியே போவதும், சீக்கிரம் வீடு திரும்புவதும் வழக்கம். பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் டெல்லியில் 2019 அக்டோபரிலும், தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் 2021 மே மாதத்திலும், கர்நாடகத்தில் 2023 ஜூனிலும் வந்தது. கர்நாடகத்தில் தொடக்க வாரங்களிலேயே கோயில் ஊர்களுக்குப் பெண்கள் கூட்டம் கூட்டமாகப் போனபோது, வேலைக்கான சலுகையை ஊர் சுற்றப் பயன்படுத்துகிறார்கள் என்ற முணுமுணுப்பு எழுந்தது. தமிழ்நாட்டின் 'பிங்க் பஸ்' பயணிகளும் அதே கேலியைக் கேட்டவர்கள்தான். செலவுக்குக் கணக்குக் காட்ட வேண்டாம் என்றானதும், பயணத்துக்கும் கணக்குக் காட்டும் கட்டாயம் தளர்ந்தது.

திரும்பப் பறிக்கப்படுபவை

2021 ஆகஸ்ட் 14 அன்று பாகிஸ்தானின் சுதந்திர நாளில் லாகூர் மினார்-ஏ-பாகிஸ்தான் பூங்காவில் காணொளி எடுக்க வந்த ஒரு பெண்ணைப் பெருங்கூட்டம் தாக்கியது. முதல் தகவல் அறிக்கை 400 பேர் மீது பதிவானது. அவர் ஏன் அங்கே போனார் என்ற கேள்வி அப்போதும் வந்தது.

ஆப்கானிஸ்தானில் பின்னடைவு அரசாணையாகவே வந்தது. 2022 நவம்பரில் தாலிபான் நிர்வாகம் காபூலின் பூங்காக்கள், கேளிக்கைப் பூங்காக்கள், உடற்பயிற்சிக் கூடங்களுக்குள் பெண்கள் வருவதைத் தடை செய்தது. 2023 ஆகஸ்டில் பாமியான் மாகாணத்தின் பந்த்-ஏ-அமீர் ஏரித் தேசியப் பூங்காவும் பெண்களுக்கு மூடப்பட்டது. பள்ளிக்கும் பல்கலைக்கழகத்துக்கும் பூட்டுப் போட்ட ஆட்சி, பூங்காவுக்கும் தனியாகப் பூட்டுப் போடுவதை அவசியமாகக் கருதியது.

கேரளத்தில் அரசே எதிர்த்திசையில் நடந்தது. 2019 டிசம்பர் 29 அன்று இரவு 11 மணி முதல் 1 மணி வரை, பொதுவிடம் எனக்கும் உரியது என்ற பொருள் தரும் பெயரில், பெண்கள் நகர வீதிகளில் தனியாகவும் சிறு குழுக்களாகவும் நடக்கும்படி மகளிர், குழந்தைகள் மேம்பாட்டுத் துறை அழைத்தது.

2024 ஆகஸ்ட் 9 அன்று கொல்கத்தாவின் ஆர்.ஜி. கர் மருத்துவமனையில் இரவுப்பணியில் இருந்த பயிற்சி மருத்துவர் ஒருவர் வன்புணர்ந்து கொல்லப்பட்டார். ஆகஸ்ட் 14 நள்ளிரவு, சுதந்திர நாள் பிறக்கும் நேரத்தில், 'மேயேரா ராத் தகல் கரோ' என்ற அழைப்பை ஏற்று மேற்கு வங்கமெங்கும் பெண்கள் தெருவை நிறைத்தார்கள். பெண்களே, இரவைக் கைப்பற்றுங்கள் என்பது அதன் பொருள். மூன்று நாள் கழித்து மாநில அரசு அறிவித்த பாதுகாப்பு நெறிமுறைகளில் ஒன்று, கூடுமானவரை பெண்களுக்கு இரவுப்பணி தராமல் தவிர்ப்பது. செப்டம்பர் 17 அன்று உச்ச நீதிமன்றம் அதைக் கண்டித்து, பாதுகாப்புக் கொடுப்பது அரசின் கடமை, பெண்களை இரவிலிருந்து விலக்குவது தீர்வாகாது என்றது. அந்த வாசகத்தை நீக்குவதாக மாநில அரசு ஒப்புக்கொண்டது.

மருத்துவருக்கு இரவில் வெளியே இருக்கப் பணி என்ற காரணம் இருந்தது. அதுவும் அவரைக் காக்கவில்லை. நீதிமன்றம் மீட்டுத் தந்தது, காரணத்தோடு வரும் பெண்ணின் இரவை. காரணமில்லாமல் வரும் பெண்ணின் இரவுக்கு நான்கு நகரங்களின் தாபாக்களிலும் பூங்காக்களிலும் எழுந்த வழக்கு, எந்த நீதிமன்றத்திலும் இன்னும் தீர்ப்பு எழுதப்படாதது.